வாசலில் போட்ட கையெழுத்து

கேள்வி: பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் தாயார் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தனியாக இருந்த வேளையில், இரண்டு இளைஞர்கள் வந்து குழாய் நீரில் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்ச, நீர் பழுப்பாக மாறியிருக்கிறது. "இதைத்தான் இத்தனை காலம் குடித்தீர்கள்" என்று பயமுறுத்தி, 2,800 ரிங்கிட் நீர் வடிகட்டிக்குக் கையெழுத்தும் 500 ரிங்கிட் முன்பணமும் வாங்கிக்கொண்டனர். ரசீதில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று உள்ளது. மீள வழியுண்டா?
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வழியுண்டு. ஒப்பந்தத்தை ரத்துசெய்வதற்கான கெடு நெருங்குவதால் இதன் சுருக்கத்தைத் தங்களுக்கு முன்னதாகவே கடிதத்தில் அனுப்பிவிட்டோம்.

முதலில் அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில், தங்கள் தாயாரைக் கையெழுத்திட வைத்தது வடிகட்டியின் தரமன்று, அந்தப் பழுப்பு நிறமே. அக்கருவியின் கம்பிகளுள் ஒன்று இரும்பு. குழாய் நீரில் இயல்பாகவே கரைந்துள்ள கனிமங்கள் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு அரித்துத் துருவாக நீரில் கலக்கிறது. கனிமம் நீக்கப்பட்ட நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாததால் நிறம் மாறுவதில்லை. ஆகவே, அவர் கண்டது குழாய் நீரின் அழுக்கன்று, கம்பியின் துரு. இதை அழுக்கென்று காட்டி விற்பது, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்யும் தவறான சித்திரிப்பு என்பதே எம் உறுதியான கருத்து. ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தை அச்சமூட்டிப் பறிப்பதை விற்பனைத் திறமை என்று ஏற்க இயலாது.

வீடு தேடி வந்து விற்பவர்களை 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. அவர்களுக்கு உரிமம் வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கியவர் 10 வேலை நாட்களுக்குள் காரணம் கூறாமலேயே அதை ரத்துசெய்யலாம். தங்கள் தாயார் பெயரிலேயே ரத்துக் கடிதம் எழுதி, பதிவு அஞ்சலில் அனுப்பி, நகலையும் அஞ்சல் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாகத் தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ரசீதிலுள்ள வாசகத்தால் பறிக்க முடியாது.

10 வேலை நாட்கள் கடந்துவிட்ட மற்ற வாசகர்களும் சோர்ந்துவிட வேண்டாம். தவறான சித்திரிப்பால் ஏற்பட்ட இழப்புக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை தொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கை வரம்பு 50,000 ரிங்கிட். பொதுவாக அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை என்பது எளியோருக்குச் சாதகமே. பெரிய நிறுவனமும் தன் தரப்பைத் தானே விளக்க வேண்டும். தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றமாகும்.

வடிகட்டியைப் பொருத்த ஆள் வந்தால், ரத்துக் கடிதத்தின் நகலைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடச் சொல்லுங்கள். அன்று நடந்தது மறந்துபோவதற்குள் அதைத் தங்கள் தாயார் சொல்ல, தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில் வேறு வீடுகளிலும் இச்சோதனை நடந்திருந்தால், அவர்களையும் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்யச் சொல்லுங்கள்.