தராசுக் கூண்டுக்குள் எட்டு மணித்தியாலம்

கேள்வி: சீனக்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் லொறி நிறுக்கும் தராசில் வேலை செய்கிறேன். வயது 28. லொறி ஏறும், எடையைப் பதிந்து துண்டு கொடுப்பேன், லொறி இறங்கிப் போகும். நாலு வருடமாக இதுதான். அம்மாவும் தங்கையும் என் சம்பளத்தை நம்பி இருப்பதால் விடவும் முடியாது. காலையில் பஸ் ஏறும்போதே மனம் சோர்ந்துவிடுகிறது. லொறி வராத நேரமெல்லாம் போன்தான். போன மாதம் இரண்டு துண்டில் பிழை விட்டு ஏச்சும் வாங்கினேன். இந்த வேலையில் மனம் ஒட்ட என்ன வழி?
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, முதலில் அந்த இரண்டு பிழைகளைப் பற்றிப் பேசுவோம். அதை உங்கள் குணத்தில் உள்ள குறையாக எடுத்துக்கொண்டு வருந்துகிறீர்கள் போலத் தெரிகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராடார் பணியாளர்களை மனதில் வைத்து நோர்மன் மக்வேர்த் என்ற பிரித்தானிய உளவியலாளர் செய்த பரிசோதனை ஒன்று 1948இல் வெளியானது. கடிகார முள் போல ஒன்று சீராகத் துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் துள்ளலாகத் துள்ளும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணித்தியாலம் இதே வேலை. பார்த்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் முதல் அரை மணித்தியாலம் கழிந்ததுமே தவறவிடுவது கூடிவிட்டது. ஒரே மாதிரியான வேலை யாருடைய கவனத்தையும் தேய்க்கும். சரியாகக் கண்டார்களா, தவறவிட்டார்களா என்பதை உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தச் சரிவு பெருமளவு நின்றது. உங்களுக்கு நான் சொல்லப்போவதன் வேர் இதில்தான் இருக்கிறது.

1970களில் றிச்சர்ட் ஹக்மன், கிரெக் ஓல்டம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு வேலை மனிதனை எவ்வளவு ஈர்க்கும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். வேலையில் பல திறமைகளுக்கு இடம் உண்டா, ஒரு காரியத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நாமே செய்கிறோமா, அது யாருக்காவது முக்கியமா என்ற மூன்றுக்கும் சராசரி எடுத்தார்கள். அந்தச் சராசரியை, நம் சொந்த முடிவுக்கு எவ்வளவு இடம் உண்டு, நன்றாகச் செய்தோமா என்பது வேலையிலிருந்தே எவ்வளவு தெரியவருகிறது என்ற இரண்டாலும் பெருக்கினார்கள். பெருக்குவதா, கூட்டினாலே போதாதா என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். அதை விடுங்கள். உங்கள் தராசுக்கு அந்தக் கணக்கு நல்ல வழி காட்டுகிறது. லொறி நிறுப்பதில் புதுமை தேடினால் கிடைக்காது, நாளைக்கும் லொறிதான் வரும். ஆனால் கடைசி இரண்டையும், அதாவது சொந்த முடிவையும் செய்ததன் பலன் தெரிவதையும், உங்களால் தொட முடியும். இப்போது உங்கள் நிலைமை என்ன? நூறு துண்டு சரியாக எழுதினால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை, இரண்டு பிழைத்தால் ஏச்சு. சரியாகச் செய்வது உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போகிறது.

ஆகவே ஒரு கொப்பி வாங்குங்கள். லொறி தராசில் ஏறியதும் திரையைப் பார்க்காதீர்கள். டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது, பின்பக்கத்து வில்தகடு எவ்வளவு வளைந்திருக்கிறது, தறப்பாள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து எடையை ஊகித்து எழுதுங்கள். பிறகு திரையைப் பார்த்து, உண்மை எடையையும் வித்தியாசத்தையும் பக்கத்தில் குறியுங்கள். சில கிழமையில் அந்த வித்தியாசம் குறைந்து வருவது கொப்பியிலேயே தெரியும். யாருடைய பாராட்டுக்கும் காத்திருக்கத் தேவையில்லை, உங்கள் கண் தேறிவருவதை உங்கள் கையெழுத்தே காட்டும்.

அதே கொப்பியில் அடிக்கடி வரும் லொறிகளின் வெற்று எடையையும் நம்பர் வாரியாக எழுதிவாருங்கள். இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஒரு லொறியின் வெற்று எடை நாளுக்கு நாள் மாறும்: டீசல் நிரப்பியிருப்பார்கள், உதவியாள் உள்ளே உட்கார்ந்திருப்பார், கார்த்திகை, மார்கழி மழையில் தறப்பாள் தண்ணீரைக் குடித்திருக்கும், சக்கரத்தில் சேறு அப்பியிருக்கும். வழக்கத்தைவிட எடை விலகினால் ஏன் என்று எட்டிப் பாருங்கள். மழையில்லாத நாளிலும் எல்லா லொறியின் எடையும் ஒரே பக்கமாக விலகினால் கோளாறு லொறியில் இல்லை. தராசுத் தட்டின் ஓரத்தில் கல் இறுகியிருக்கலாம், அல்லது வெறும் தட்டே பூச்சியத்துக்குத் திரும்பாமல் இருக்கலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணுக்கும் ஓய்வு, பிழையும் முன்கூட்டியே பிடிபடும்.

சொந்த முடிவுக்கான இடம் இதன் பின்னால் வரும். முகாமையாளரிடம் போய் “வேலை அலுப்பாக இருக்கிறது, சேர்” என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கொப்பியைக் கையில் கொண்டுபோய், “மழை நாளில் வெற்று லொறிகளின் எடை இப்படிக் கூடுகிறது, சேர். அந்த நாட்களில் எப்படி நிறுப்பது என்று ஒரு முறையை நான் எழுதித் தரட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அந்த ஒரு முறை உங்களுடையது. மறுத்தாலும், எண்களை வைத்துப் பேசத் தெரிந்த ஆள் என்ற பெயர் மிஞ்சும்.

உங்கள் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்று பார்ப்பதும் நல்ல யோசனைதான். 2007இல் வெளியான, அடம் கிராண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வில், பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நிதி திரட்டியவர்கள், அந்தப் பணத்தில் படிக்கும் மாணவர் ஒருவரைச் சில நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. நீங்களும் சாரதிகளிடம் சரக்கு எங்கே போகிறது என்று கேளுங்கள். தம்புள்ள, குருநாகல் பக்கமிருந்து வருபவர்களிடம் சிங்களத்தில் கேட்டால் இன்னும் நல்லது. நம் திருகோணமலையில் மூன்று மொழியும் பேசத் தெரிந்தவருக்கு அடுத்த வேலை தேடுவது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு: ஒரு வீடியோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தால் அலுப்பு கூடுகிறது. லொறி இல்லாத நேரத்தில் பார்க்கத்தான் வேண்டும் என்றால், ஒன்றைத் தெரிந்தெடுத்து முழுதாகப் பாருங்கள். எக்ஸல் பாடமாக இருந்தால் அந்தக் கொப்பியைக் கணினியில் ஏற்றவும் உதவும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லீவு நாளில் கடற்கரைக்குப் போனாலும், நண்பர்களோடு இருந்தாலும் எதிலும் விருப்பமில்லை, நித்திரையும் சாப்பாடும் குழம்பியிருக்கிறது, இது கிழமைக்கணக்கில் தொடர்கிறது என்றால் காரணம் தராசு அல்ல. அப்போது கொப்பி உதவாது. 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். அல்லது ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

மூன்று நாலு மாதம் இப்படி முயன்றும் மனம் ஒட்டாவிட்டால் வேறு வேலை தேடுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் திகதியைப் பார்த்து விலகுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் நிறைவு செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. நீங்கள் நாலில் நிற்கிறீர்கள். நியமனக் கடிதத்தை எடுத்து, சேர்ந்த திகதியை இன்றைக்கே பார்த்து வையுங்கள்.