நாள் முழுக்கக் கணினி வேலை, வாடகை வீடு, சத்தமும் தூசியும் ஆகாது. கைக்கு வேலை தரும் பொழுதுபோக்கு எது?

புத்தகம் தைக்கப் பழகுங்கள். சத்தமும் தூசியும் கூடாதென்றால் மரவேலையும் களிமண்ணும் அடிபட்டுப்போகின்றன. இதற்குச் சாப்பாட்டு மேசை போதும். இரண்டு மாலையில் ஒரு நோட்டு தயாராகிவிடும்.

பலருக்குக் காகிதத்திலேயே கோணல் தொடங்குகிறது. காகிதத்தில் நார் ஒரே திசையில் ஓடும். தாளை மடிப்பு விழாமல் நீளத்திலும் அகலத்திலும் வளைத்து அழுத்திப் பாருங்கள்; எந்த வளைவு எளிதாக இறங்குகிறதோ அதன் மடிப்புக்கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. அந்தத் திசை புத்தக முதுகோடு ஒத்துப்போக வேண்டும். கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் இருக்கும். பாதியாக மடித்தால் முதுகுக்குக் குறுக்கே விழும், பக்கம் படியாது, பசை பட்டால் நெளியும். நார் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாளை இரண்டாக வெட்டி மடித்தால் சரியாக வரும்.

நான்கு தாளைச் சேர்த்து மடித்தால் 16 பக்கம். அச்சகத்தில் ஃபாரம் என்பார்களே, அதுதான். ஆறு ஃபாரம் எடுத்துக்கொள்ளுங்கள். 21 செ.மீ. முதுகில் மேலிருந்து 1.5, 7.5, 13.5, 19.5 செ.மீ. தூரத்தில் நான்கு துளை. அளவை ஒரு அட்டைத் துண்டில் ஒரே முறை குறித்து எல்லா ஃபாரத்துக்கும் அதையே வையுங்கள். தனித்தனியாக ஸ்கேல் வைத்தால் துளைகள் முன்பின்னாகி முதுகு படிக்கட்டாகிவிடும்.

தையல் மெஷின் நூல் காகிதத்தை அறுத்துவிடும். தோல் தைக்கும் மெழுகு நூலில் மெல்லியதாக, ஆறு ஃபாரத்துக்கு 165 செ.மீ. வெட்டுங்கள்.

முதல் துளையில் வெளியிலிருந்து நுழைந்து, உள்ளே ஓடி இரண்டில் வெளியே, மூன்றில் உள்ளே, நான்கில் வெளியே. நூலின் நுனியை 10 செ.மீ. விட்டுவையுங்கள். அடுத்த ஃபாரத்தை மேலே வைத்து நான்கிலிருந்து திரும்புங்கள். மூன்றில் வெளியே வந்ததும் கீழ் ஃபாரத்தின் நடுத்தையலுக்கு அடியில் ஊசியைக் கொடுத்த பிறகே இரண்டில் நுழைய வேண்டும். நடுப்பகுதி பிளக்காமல் இருப்பது இந்தப் பிடிப்பால்தான். ஒன்றில் வெளியே வந்து, விட்டுவைத்த நுனியோடு முடிச்சு. மூன்றாவது ஃபாரத்திலிருந்து ஒவ்வொரு முனையிலும் கீழே உள்ள இரண்டு ஃபாரங்களின் இடையே ஊசியைச் செலுத்தி, விழும் வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள்.

நூலை இழுப்பது எப்போதும் முதுகின் நீளவாக்கில். குறுக்கே, உங்களை நோக்கி இழுத்தீர்களோ, துளை கிழிந்து அந்த ஃபாரமே போச்சு.

அப்புறம் முதுகில் மெல்லியதாக ஃபெவிகால், அதன்மேல் இரு பக்கமும் 2 செ.மீ. நீட்டிய மெல்லிய பருத்தித் துணி. மேலட்டை 2 மி.மீ. தடிமன், உயரம் 21.6 செ.மீ. ஒரே வெட்டில் அறுக்க முயலாதீர்கள். கட்டரை லேசாகப் பத்துத் தடவை ஓட்டினால்தான் ஓரம் நேராக வரும். வெளியே மட்டும் துணி ஒட்டி விட்டுவிட்டால் காய்கிறபோது அட்டை வெளிப்பக்கம் வளையும். உள்ளே ஒட்டும் தாள்தான் எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்கிறது. ஈரம் உள்பக்கங்களுக்கு இறங்காமல் இரு அட்டைக்கும் உள்ளே பிளாஸ்டிக் தாள் செருகி, கனமான எதையாவது ஏற்றி, இரவு முழுக்கத் தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்து பார்ப்பவர்களின் நோட்டுதான் கோணலாகிறது.