ஒரே மாநிலம், இரு கட்சிக்கும் பங்கு: கலிஃபோர்னியா 1880

கேள்வி: 1880 அமெரிக்க அதிபர் தேர்தலில் கலிஃபோர்னியாவில் ஜெயித்தவர் ஜனநாயகக் கட்சியின் ஹான்காக். ஆனால் மாநிலத்தின் 6 தேர்வாளர் வாக்குகளில் (மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் அதிபருக்குப் போடும் வாக்குகள்) 5 மட்டுமே அவருக்கு. மீதி ஒன்று குடியரசுக் கட்சியின் கார்ஃபீல்டுக்குப் போனது எப்படி?

பதில்: அன்றைய வாக்குச்சீட்டை மனதில் வைத்துக்கொண்டால் விடை எளிது. சீட்டை அச்சடித்துக் கொடுத்தவை கட்சிகள். அதில் அதிபர் வேட்பாளருக்கு வாக்களிக்கும் 6 தேர்வாளர்களின் பெயர்களும் தனித்தனியாக இருக்கும். எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் தனி. பிடிக்காத பெயரைப் பென்சிலால் அடித்துவிடலாம், வேறு பெயர் எழுதலாம்.

ஜனநாயகக் கட்சிப் பட்டியலில் ஒருவர் டேவிட் டெர்ரி. 1859-இல் செனட்டர் பிராடெரிக்கைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றவர், அதுவரை மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. இருபத்தோரு ஆண்டுகள் கழித்தும் பிராடெரிக்கின் ஆதரவாளர்கள் அதை மறக்கவில்லை. கட்சிக்கு வாக்களித்தவர்களில் சிலர் டெர்ரியை மட்டும் அடித்தார்கள். மற்ற ஐவரும் தேறினார்கள்; டெர்ரியின் இடம் கார்ஃபீல்டு தரப்புத் தேர்வாளர் ஒருவருக்குப் போனது.

இதற்குப் பெரிய கூட்டம் தேவைப்படவில்லை. மாநில வித்தியாசமே 144 வாக்குகள்தான். தோராயமாகக் கணக்கிட்டால், 145 பேர் டெர்ரி பெயரை அடித்தாலே அவர் பின்தங்குவார். அடித்த இடத்தில் எதிர்க்கட்சித் தேர்வாளர் ஒருவரின் பெயரையே எழுதினால் 73 பேர் போதும். ஒவ்வொரு சீட்டும் இங்கே ஒன்றைக் குறைத்து அங்கே ஒன்றைக் கூட்டுகிறது. இப்படியொரு ஆளைப் பட்டியலில் சேர்த்தது கட்சி செய்த பெரும் தவறு.

கேள்வி: 1876-இல் குடியரசுக் கட்சி ஜெயித்த மாநிலம் ஏன் கைமாறியது?

பதில்: முக்கியமாக ஒரு போலிக் கடிதம். அக்டோபர் 20 அன்று, தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், நியூயார்க் பத்திரிகை ஒன்று கார்ஃபீல்டு எழுதியதாக அதை வெளியிட்டது. ஹெச். எல். மோரி என்பவருக்கு எழுதப்பட்டதாம். முதலாளிகள் எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே உழைப்பை வாங்கலாம் என்றும், சீனாவுடனான ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்றும் சொன்னது. சீனத் தொழிலாளர் வருகைக்கு எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த கலிஃபோர்னியாவில் இது நெருப்பாய்ப் பரவியது. கையெழுத்து கார்ஃபீல்டுடையதல்ல, ‘கம்பெனிகள்’ என்ற சொல்லிலேயே எழுத்துப்பிழை. ஆனாலும் அவர் தன் கோப்புகளைத் தேடச் சொல்லி, உறுதி செய்துகொண்ட பிறகே மறுத்தார். அந்தச் சில நாள் தாமதம் எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிட்டது.

கேள்வி: நூலுக்கு நூல் வாக்கு எண்ணிக்கை மாறுகிறதே?

பதில்: ஹான்காக் 80,426, கார்ஃபீல்டு 80,282 என்பதே பெரும்பாலும் தரப்படும் கணக்கு. ஒவ்வொரு தேர்வாளருக்கும் தனி எண்ணிக்கை இருப்பதால், சிலர் கட்சியில் அதிகம் பெற்றவரின் வாக்கை எடுப்பார்கள், சிலர் சராசரி போடுவார்கள். இரண்டில் எதுவானாலும் இரு கட்சிக்கும் ஒரே முறையில் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவருக்கு உச்சமும் மற்றவருக்குச் சராசரியும் கலந்தால், இவ்வளவு நெருக்கமான தேர்தலில் வித்தியாசம் முழுக்கப் பொய்யாகிவிடும்.