பழைய பண்ணை மாளிகைகளில் அடிமைகளைப் பற்றி உண்மையைச் சொல்கிறார்களா?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பில் நடந்து, இப்போது சுற்றுலாத் தலமாகிவிட்ட பண்ணை மாளிகைகளில் அந்த அடிமைகளைப் பற்றி உண்மையைச் சொல்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். லூசியானாவில் இரண்டு பண்ணைகளுக்குக் குடும்பத்தோடு போய்வந்தேன். ஒன்றில் பூசி மெழுகினார்கள், இன்னொன்றில் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். எந்த இடம் எப்படி என்று தெரிய, யாருடைய பெயரைச் சொல்கிறார்கள் என்று கவனித்தாலே போதும்.

முதலில் போன மாளிகையின் பெயர் வேண்டாம். வீட்டம்மாவின் பீங்கான் தட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்பது வரை சொன்ன வழிகாட்டி, அந்தத் தட்டில் பரிமாறியவர்களை 'வேலையாட்கள்' என்று ஒரே சொல்லில் தாண்டிப் போனார். விலைக்கு வாங்கப்பட்டவர்களை அப்படிச் சொன்னால், ஏதோ சம்பளத்துக்கு இருந்தவர்கள் போல ஆகிவிடுகிறது. தோட்டத்தில் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் தண்ணீர் நிரப்பி அல்லி வளர்த்திருந்தார்கள். எல்லாரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

அது என்ன கொப்பரை என்று, இரண்டாவதாக விட்னி பண்ணைக்குப் போன பிறகுதான் புரிந்தது. கருப்பஞ்சாறு காய்ச்சுகிற கொப்பரை. பெரியது, அதைவிடச் சிறியது என்று வரிசையாக வைத்து, கொதிக்கிற சாற்றை நீண்ட அகப்பையால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மொண்டு ஊற்றிக்கொண்டே போவார்கள். வெட்டின கரும்பு கெட்டுப்போகும், உறைபனி வேறு வந்துவிடும் என்பதால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடும். தூக்கக் கலக்கத்தில் கை தவறினால் சதை வெந்துவிடும். அதில்தான் அல்லி வளர்க்கிறார்கள்.

விட்னியை ஜான் கம்மிங்ஸ் என்ற வழக்கறிஞர் 1999-ல் வாங்கி, தன் பணத்தைப் போட்டுச் சீரமைத்து, 2014 டிசம்பரில் திறந்தார். செனகலைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர் இப்ராஹிமா செக் ஆவணங்களைத் தேடி எடுத்தார். அங்கே அடிமைகளாக இருந்த 350-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. பெயரோடு வயது, பிறந்த இடம், தெரிந்த தொழில். லூசியானா முழுவதிலும் அடிமைகளாக இருந்தவர்களில் 1,07,000 பேரின் பெயர்கள் இன்னொரு பக்கம். கிவெண்டலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாசிரியர் திரட்டிய பட்டியல் அது.

அங்கே ஒரு மரத் தேவாலயம் உண்டு. அடிமை வாழ்விலிருந்து விடுதலை கிடைத்த பிறகு கறுப்பின மக்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது; வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே குழந்தைகளின் ஆளுயரச் சிலைகள். 1930-களில் அரசு ஆட்களை அனுப்பி, உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. கிழவன் கிழவியாகப் பேசிய அவர்கள் விடுதலையின்போது குழந்தைகள். அந்த வயதில்தான் சிலைகளாக நிற்கிறார்கள். என் ஒன்பது வயது மகள் ஒரு சிலைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தோளுக்குத் தோள் சரியாக இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம், அந்த வட்டாரத்தில் சிறுவயதிலேயே இறந்த 2,200 அடிமைக் குழந்தைகளுக்கு ஒரு நினைவிடம். அங்கே என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

பக்கத்திலேயே ஓக் ஆலி என்ற இன்னொரு பண்ணை. நடைபாதையின் இருபுறமுமாக மொத்தம் 28 ஓக் மரங்கள், கல்யாணப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கேயும் இப்போது அடிமைக் குடிசைகளைத் திரும்பக் கட்டி, கிடைத்த பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே அடிமையாக இருந்த அன்ட்வான் என்ற தோட்டக்காரர்தான் 1840-களில் பீக்கன் என்ற கொட்டை மரத்தை முதன்முதலில் வெற்றிகரமாக ஒட்டுக்கட்டியவர். அந்த ரகம் 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு வாங்கியது. அவருடைய குடும்பப் பெயர்கூட ஆவணத்தில் இல்லை.

வர்ஜீனியாவில், அமெரிக்க அதிபராக இருந்த ஜெஃபர்சனின் பண்ணை மாளிகையான மான்டிசெல்லோவும் மாறியிருக்கிறது. அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணுக்கு 2018-ல் தனிக் காட்சி அமைத்தார்கள். நான் இன்னும் போகவில்லை.

போவதானால் நியூ ஆர்லியன்ஸிலிருந்து விட்னிக்குக் காரில் ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் போனால் வெயில் குறைவு, வழியெல்லாம் கரும்பு வெட்டும் நடந்துகொண்டிருக்கும். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். முதல் நாள் இரவே கொஞ்சம் சொல்லி வையுங்கள். நாங்கள் சொல்லாமல் போய்விட்டோம்.