ழான்-தலோன் சந்தைக்குப் போகும் தம்பிக்கு

தம்பி, மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் அறை எடுத்திருக்கிறீர்கள். ழான்-தலோன் சந்தையில் மரக்கறி மலிவா, குளிர் அங்கி எங்கே வாங்கலாம், பேசாமல் ரொறன்ரோவுக்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். அங்கிக்குப் பக்கத்து அறைக்காரரே வழி சொல்வார். ரொறன்ரோவுக்கு வரச்சொல்ல உங்கள் உறவினர்கள் இருக்கிறார்கள். நான் சந்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

பார்க் நிலையத்தில் மெற்றோ ஏறினால் அடுத்தது து காஸ்தெல்நோ. அங்கே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சின்ன இத்தாலி என்ற இத்தாலியர் பகுதி, சந்தை அங்கேதான். முன்பு லக்ரோஸ் விளையாட்டு மைதானமாக இருந்த இடத்தில் 1933இல் திறந்த சந்தை அது.

அங்கே விற்பவர்கள் எல்லோரும் தோட்டக்காரர்கள் அல்லர். மொத்தமாக வாங்கி விற்பவர்களும் உண்டு. பெட்டியில் மெக்சிக்கோ என்று எழுதியிருந்தால் அதற்காக மெனக்கெட்டு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. உங்கள் தெருக் கடையிலேயே கிடைக்கும். முருங்கைக்காயும் அப்படித்தான். கியூபெக் மண்ணில் விளைந்ததற்காகப் போங்கள்: ஆனியில் ஸ்ட்ராபெரி, ஆவணியில் சோளம்.

வைகாசியில் சுருள் சுருளாகப் பச்சைப் பெரணிக் கொழுந்து குவித்திருப்பார்கள். கீரைதானே என்று வறை வறுத்துவிடாதீர்கள். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரலாம். நன்றாகக் கழுவி 15 நிமிடம் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும்.

போஞ்சியை முறித்துப் பார்க்கும் பழக்கத்தை ஊரோடு விட்டுவிடுங்கள். ருசி பார்க்கப் பழம் வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு துண்டு போதும். நம்மவர்கள் சிலர் குடும்பமாக வந்து தட்டைக் காலியாக்கிவிட்டு ஒன்றும் வாங்காமல் போவதைப் பார்க்க எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இவர்கள்தாம் இத்தனை வருடம் இருந்தும் பிரெஞ்சில் ஒரு விலை கேட்கத் தெரியாமல், இந்த ஊர் சரியில்லை என்கிறவர்கள். எனக்குப் பிரெஞ்சில் எண்ணக் கற்றுத் தந்தது ஒரு தக்காளிக்காரி. நிறையை நான் பிரெஞ்சில் சொல்லும் வரை தராசில் வைக்க மாட்டார். பிறகு வேலைக்கு நேர்முகம் போனபோது அந்தப் பிரெஞ்சுதான் கைகொடுத்தது.

புரட்டாதியில் இத்தாலியக் குடும்பங்கள் வருடத்துக்கான குழம்பு காய்ச்சப் பெட்டி பெட்டியாகத் தக்காளி வாங்கும். அப்படி வந்த ஒரு முதியவர்தான், நீளமான, விதை குறைந்த பழத்தைப் பொறுக்க எனக்குக் காட்டித் தந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் கனடா அரசு இங்கிருந்த இத்தாலியர் நூற்றுக்கணக்கானோரை முகாம்களில் அடைத்தது. தன் தகப்பனையும் கொண்டுபோனதை அவர் பழம் பொறுக்கியபடியே சொன்னார். நானும் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனாலும் மதியம் வரை பேசினோம். அவர் சொன்ன பக்குவத்தில்தான் இன்றும் எங்கள் வீட்டில் தக்காளி காய்ச்சிப் போத்தலில் அடைக்கிறோம். செத்தல் மிளகாய் மட்டும் எங்கள் சேர்க்கை.