பத்து மாதம் இன்னொரு வீட்டில் – கடிதம்

வணக்கம்ங்க அண்ணா,

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். மகளுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி ஆகஸ்ட்டில் அமெரிக்கா போகிறாள். மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். 10 மாதம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர்ப் பள்ளியிலேயே படிக்க வேண்டும். வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பெரிய நாய்.

எட்டாவதிலிருந்து நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் இருந்தவள்தானே, சமாளித்துக்கொள்வாள் என்கிறார் அவள் அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தட்டு கழுவியதில்லை. அந்தக் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது என்று கேட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள், அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. மாட்டுக்கறி போட்டால் என்ன செய்வாள்? அவளுடைய அப்பத்தா வேறு, “முன்னப்பின்ன தெரியாதவங்க ஊட்ல பொட்டப்புள்ளையக் கொண்டுபோயி உடறதாக்கும்?” என்று தினமும் கேட்கிறார்.

ரோட்டரி மூலம் வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் ஈரோட்டில் உங்கள் வீட்டில் தங்கியதாக முன்பு எழுதியிருந்தீர்கள். மகளுக்கு என்ன சொல்லி அனுப்புவது? பெயர் வேண்டாம்ங்க.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சந்தேகம்தான் சரி. ஹாஸ்டலில் இருந்ததை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னைக் கேட்டால், ஹாஸ்டல் பக்கமே போகாத பிள்ளையைவிட இவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லி அனுப்ப வேண்டும்.

நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஹாஸ்டலில் இருந்து படித்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். மணியடித்தால் எழுந்திருப்பார்கள், மணியடித்தால் சாப்பிடுவார்கள், விளக்கை அணைத்தால் படுப்பார்கள். வார்டன் கண்ணில் படாமல் இருப்பதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் டெஸ்ட் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போய் நின்றால் “நல்லாருக்கேன்” என்பார்கள், அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் நாளை ஓட்டுவதில் அவள் தேறியிருப்பாள். மினசோட்டாவில் அவளைக் கஷ்டப்படுத்தப் போவதும் அதுதான். அந்த வீட்டில் மணி கிடையாது. எது செய்யலாம், எது கூடாது என்று யாரும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். பள்ளி விட்டு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருக்கிறோம் என்று அவள் நினைப்பாள். நம்மை இந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைப்பார்கள்.

நம் ஊர் உபசாரமும் இதில் சேர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் ஒரு ஜப்பான் பையன் இருந்தான். தட்டில் மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவன். தட்டு காலியானால் உடனே போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவள் என் மனைவி. அவன் சாப்பிடச் சாப்பிட இவள் வைத்துக்கொண்டே இருந்தாள். அரிசியும்பருப்புச் சோறு, கொள்ளுப் பருப்பு, சந்தகை என்று எல்லாம் உள்ளே போய், கடைசியில் டாக்டர் வீட்டில் போய் நின்றது. உங்கள் மகளுக்கு இது தலைகீழாக நடக்கும். முதல் நாள் இரவு “இன்னும் கொஞ்சம் வேண்டுமா?” என்று அந்த அம்மா கேட்பார். நம் பழக்கப்படி இவள் வேண்டாம் என்பாள். இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார்கள் என்று காத்திருப்பாள். அவர்களோ, சரி என்று பாத்திரத்தை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். அதில் அன்புக் குறைவு ஒன்றுமில்லை. வேண்டாம் என்றவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர்களுடைய மரியாதை.

ஆகவே பசித்தால் பசிக்கிறது என்றும், புரியவில்லை என்றால் புரியவில்லை என்றும், நேற்று நீங்கள் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்றும் வாயால் சொல்ல அவள் பழக வேண்டும். அறிவுரையாகச் சொன்னால் இந்தப் பழக்கம் வராது. ஒத்திகை வேண்டும். மே மாதத்தில் அவளைப் பத்துப் பதினைந்து நாள் சொந்தமல்லாத ஒரு வீட்டில் விடுங்கள். அப்புச்சி வீடு வேண்டாம், அங்கே ராணி மாதிரி பார்த்துக்கொள்வார்கள். திருப்பூரிலோ உடுமலையிலோ உங்களுக்குத் தெரிந்த, அவளுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு குடும்பம் இருக்குமே, அங்கே. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: விருந்தாளி மாதிரி நடத்த வேண்டாம், எதையும் இரண்டாவது தடவை கேட்க வேண்டாம், வீட்டு வேலையில் ஒன்றை அவளுக்கு ஒதுக்குங்கள். நீங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள், பேசட்டும்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் பயப்படும்படி அதில் ஒன்றுமில்லை. பள்ளி மாணவர்களுக்கான பரிமாற்ற விசாவில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதியே அதுதான். மாணவரை வைத்துக்கொள்வதற்காக அந்தக் குடும்பத்துக்குச் சம்பளம் எதுவும் கிடையாது. விருப்பப்பட்டு, தங்கள் செலவில் சாப்பாடு போட்டு வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் உங்கள் மகள் அங்கே பேயிங் கெஸ்ட்டும் இல்லை, விருந்தாளியும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் குப்பைத் தொட்டியை வெளியே கொண்டுபோய் வைத்தால் இவளும் வைப்பாள். பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டுகளை அடுக்குவாள், தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வாள். வீடியோ காலில் இதைப் பார்த்துவிட்டு அவள் அப்பா “எம்புள்ளைய வேலைக்காரி ஆக்கிட்டாங்க” என்று குதிக்கக் கூடாது. இதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் கேட்க மாட்டார். தட்டுக் கழுவுவதையும் வாஷிங் மெஷினையும் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

ரோட்டரி பரிமாற்றத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. முதல் இரவுக் கேள்விகள் என்று ஒரு பட்டியலைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். போய் இறங்கிய அன்றோ மறுநாளோ அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுவிட வேண்டும். உங்களை எப்படிக் கூப்பிடுவது? காலையில் குளியலறையை நான் எந்த நேரத்தில் பயன்படுத்தலாம்? ஃப்ரிட்ஜில் இருப்பதைக் கேட்காமல் எடுத்துச் சாப்பிடலாமா? அழுக்குத் துணியை எங்கே போடுவது? ராத்திரி எத்தனை மணிக்குப் போனை வைத்துவிட வேண்டும்? எங்கள் வீட்டில் தங்கிய பிரெஞ்சுப் பெண் ஒருத்தி இப்படிப் பட்டியலை விரித்துவைத்துக் கேட்டபோது என் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டைப் பற்றி எங்கள் மருமகன்களைவிட அவளுக்கு அதிகம் தெரிந்துவிட்டது. உங்கள் மகளும் சொந்தமாக ஒரு பட்டியல் எழுதட்டும். குளியலறையைப் பற்றி அதில் இரண்டு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். நம் குளியலறையில் தண்ணீரை எங்கே ஊற்றினாலும் ஓடிப்போய்விடும். அங்கே பெரும்பாலான வீடுகள் மரக்கட்டுமானம், குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. ஷவர் திரையின் அடிப்பகுதியைத் தொட்டிக்கு உள்ளே விடாமல் குளித்தால், கீழ்த்தளத்து அறையின் கூரையில் ஈரம் இறங்கிவிடும். நீளமான முடி என்றால் வடிகாலில் சிக்கியதையும் அவளே எடுக்க வேண்டும். அப்புறம் தாளிப்பு. ஆசையாக ஒருநாள் ரசம் வைக்கிறேன் என்று கடுகும் மிளகாயும் போட்டால் புகை அலாரம் வீடே அலறும்படி அடிக்கும். ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டுத்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும்.

அப்பத்தா கேட்பதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். சரியான கேள்விதான். விதிப்படி அந்த வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய குற்றப் பின்னணியையும் பார்க்க வேண்டும், வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும். உங்கள் மகளுக்குத் தனிக் கட்டில் வேண்டும், அறையைப் பகிர்ந்துகொள்வதானால் இன்னொரு பெண்ணோடு மட்டும். அந்தப் பகுதியில் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார், மாதம் ஒரு தடவையாவது அவர் இவளிடமும் அந்தக் குடும்பத்திடமும் பேசியாக வேண்டும். இதெல்லாம் காகிதம். காகிதம் வேண்டும், ஆனால் அது போதாது. யாராவது தொடுவதோ பேசுவதோ பார்ப்பதோ சங்கடமாக இருந்தால் அன்றைக்கே ஒருங்கிணைப்பாளரிடம் சொல் என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையென்றால், திட்டத்தில் அவளுக்குக் கொடுக்கும் அடையாள அட்டையில் இருக்கும் திட்ட அலுவலக எண்ணையோ வெளியுறவுத் துறை எண்ணையோ கூப்பிட வேண்டும். ஆபத்து என்றால் 911. வீடு மாறுவது அங்கே நடக்கிற விஷயம்தான், அதற்காக யாரும் திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள். “அவங்க என்ன நினைப்பாங்க”, “ஊருக்குத் தெரிஞ்சா என்னாகும்” என்ற நினைப்பில் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வதுதான் ஆபத்து. நம் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு அதை ரொம்ப நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

மாட்டுக்கறி சின்ன விஷயம். கோழியும் முட்டையும் சாப்பிடுவேன், மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை என்று இப்போதே அந்தக் குடும்பத்துக்கு அவளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். போய் உட்கார்ந்த பிறகு தட்டைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் தப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூப்பிட்டால் ஒருமுறை போய்ப் பார்க்கலாம், கட்டாயம் ஒன்றுமில்லை. நாய் வீட்டுக்குள்தான் இருக்கும், சோபாவிலும் ஏறும். பயம் இருந்தால் அதையும் அந்த மின்னஞ்சலிலேயே எழுதிவிடட்டும்.

இனி உங்களுக்கு. கனடாவில் பிறந்த மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஓர் உரையாற்றினார். பழக்கமில்லாத ஊரில், பழக்கமில்லாத மனிதர்களுக்கு நடுவில் வரும் தடுமாற்றத்தைக் கல்ச்சர் ஷாக் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சு பரவலானது அதற்குப் பிறகுதான். முதலில் எல்லாமே அழகாகத் தெரியும், அப்புறம் எல்லாவற்றின் மேலும் எரிச்சல் வரும், பிறகு மெல்லப் பிடிபடும் என்பது அவர் சொன்னதன் சாரம். ஆகஸ்ட்டில் போகிறவளுக்கு அந்த எரிச்சல் பெரும்பாலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் வரும். மினசோட்டாவில் டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், குளிர் மைனஸ் 20க்குக் கீழேயும் போகும். அந்த நேரத்தில் அவள் போன் செய்து அழுவாள். நீங்களும் சேர்ந்து அழுதுவிட்டு “வந்துரு சாமி” என்று சொன்னீர்களானால் எல்லாம் போச்சு. கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னாயா என்று மட்டும் கேளுங்கள். வாரம் ஒரு போன் போதும். அவளுக்கு ஞாயிறு காலை 8 மணி என்றால் உங்களுக்கு மாலை ஆறரை, நவம்பர் முதல் மார்ச் வரை ஏழரை. தினமும் இரண்டு மணி நேரம் வீடியோ காலில் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பெண் அந்த வீட்டில் என்றைக்குத்தான் குடியேறுவாள்?

பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை வைக்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் அங்கே தடை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க சின்ன அளவில் ஒரு பவானி ஜமுக்காளம் போதும். தங்கம், பட்டு எல்லாம் வேண்டாம், வாங்குகிறவர்களுக்குச் சங்கடம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரைப் பாருங்கள். திரும்பி வந்ததும் ப்ளஸ் டூவில் சேர்த்துக்கொள்வார்களா, ப்ளஸ் ஒன்னை மறுபடி படிக்க வேண்டுமா, அங்கிருந்து என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் பின்தங்கினாலும் பரவாயில்லை என்று நீங்களும் அவள் அப்பாவும் முடிவெடுத்துவிட்டால், அதை அவளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்