டாக்டரின் கடவுச்சொல்லை இனித் தொடாதீர்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு தனியார் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். படிப்பு டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்). கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய நோயியல் மருத்துவர் நான்கு மாதமாக வரவில்லை. அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு என்னையே அறிக்கை வெளியிடச் சொல்கிறார் உரிமையாளர். டாக்டர் கையெழுத்து தானாக விழுந்துவிடும். போன வாரம் ஒரு பெரியவரின் கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த மாதிரிக்கு, பழைய அறிக்கையைப் பார்த்து நானே முடிவு எழுதிவிட்டேன். பழி என்மேல் வருமா? என் அசல் சான்றிதழ்கள் உரிமையாளரிடம் இருக்கின்றன.

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பெரியவரைக் கவனியுங்கள். நீங்கள் சாயமேற்றிய ஸ்லைடு ஆய்வகத்தில்தான் இருக்கும். அதை இன்றே ஒரு நோயியல் மருத்துவர் பார்க்க வேண்டும். நீங்கள் வெளியிட்ட அறிக்கை திரும்பப் பெறப்பட்டது என்று பெரியவர் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். கட்டி புற்றா, காசநோயா, வெறும் வீக்கமா என்பது அந்த ஒரு தாளை நம்பி நிற்கிறது. உங்கள் வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹீமோகுளோபினை இயந்திரம் எண்ணாகத் தருகிறது. ஊசிப் பரிசோதனையில் எண் கிடையாது. செல்களைப் பார்த்து ஒருவர் சொல்லும் மருத்துவக் கருத்துதான் முடிவு. ஆய்வக அறிக்கையில் மேலொப்பமிடும் தகுதி நோயியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற, பதிவுபெற்ற மருத்துவருக்கே உண்டு என்ற மருத்துவக் கவுன்சிலின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சரியென ஏற்றது. பின்னர் 2020இல் மருத்துவ நிறுவனங்களுக்கான மத்திய விதிகள் சற்றுத் தளர்ந்து, மருத்துவ உயிர்வேதியியல், நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. படித்து அனுபவம் பெற்றவர்கள் கருத்து எழுதாமல் கையெழுத்திட வழி வந்தது. கேரளத்துக்கு மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்து முறைப்படுத்தும் 2018ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருப்பதால் அந்த விதிகள் இங்கே நேரடியாகப் பொருந்தா. எதை எடுத்துக்கொண்டாலும் டி.எம்.எல்.டி. படிப்புக்குக் கருத்து எழுதும் உரிமை இல்லை. மாதிரியைச் சரியாக வாங்குவது, பெயர் ஒட்டுவது, சாயமேற்றுவது, இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று தினமும் கட்டுப்பாட்டு மாதிரி ஓட்டிப் பதிவது: இவை உங்கள் பொறுப்பு. அவை சிறிய வேலைகள் அல்ல. பெயர்ச்சீட்டு மாறினால் எந்த நிபுணராலும் காப்பாற்ற முடியாது.

பழி வருமா என்று கேட்டீர்கள். வரும், மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணுக் கையெழுத்தையோ நேர்மையற்ற முறையில் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். டாக்டரே சம்மதித்திருந்தால் இந்தக் குற்றச்சாட்டு வலுவிழக்கலாம். ஆனால் பார்க்காத ஸ்லைடுக்குத் தம் கையெழுத்தை விட்டுக்கொடுத்ததற்கு அவர் மருத்துவக் கவுன்சிலுக்குப் பதில் சொல்ல வேண்டும். அலட்சியத்தால் உயிர் போனால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு இருக்கிறது. ‘முதலாளி சொன்னார், செய்தேன்’ என்பது குற்ற வழக்கில் உங்களை விடுவிக்காது.

ஆகவே இன்றே உரிமையாளருக்கும் டாக்டருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்: ‘மருத்துவர் பார்த்து ஒப்புதல் தராத எந்த அறிக்கையையும் இனி நான் வெளியிட மாட்டேன்.’ மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ போதும். நகல் உங்களிடம் இருக்கட்டும். கணினியில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு கேளுங்கள். நோயாளிகளின் அறிக்கைகளைச் சாட்சிக்காகப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அது இன்னொரு சிக்கல்.

உரிமையாளர் அசையவில்லை என்றால், 2018 சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள பதிவு ஆணையத்திடம் புகார் கொடுங்கள். ஒரு நகலைத் திருவனந்தபுரத்தில் உள்ள சுகாதாரச் சேவைகள் இயக்குநருக்கு அனுப்புங்கள். அதைத் தமிழிலேயே எழுதலாம். துறைத் தலைவர்களுக்குத் தாய்மொழியில் எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ்ச் சிறுபான்மையினருக்கு உரிமை தருகிறது. மலையாளம் எழுத வராது என்று நம் சித்தூர் வட்டத்தில் எத்தனையோ பேர் நியாயமான புகாரைக் கைவிட்டுவிடுகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சான்றிதழ்கள் உங்கள் உடைமை. அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைக் கட்டிப்போட முதலாளிக்கு உரிமை இல்லை. ஏழு நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எட்டாவது நாளும் தரவில்லை என்றால், அந்த ரசீதோடு ஒரு வழக்கறிஞரிடம் போய் நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள்.